எழுபதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை: அளவு ஏன் மாறுகிறது, வீட்டில் எப்படிச் சரிபார்ப்பது

இருபது வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டப்பட்டு, இன்னும் மாதாமாதம் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வந்துகொண்டிருக்கும். "ஒத்துக்கிட்ட மாத்திரை, மாத்த வேண்டாம்" என்பார்கள் வீட்டில். மாத்திரை மாறவில்லைதான். அது போய்ச் சேரும் உடம்பு இதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோ இளைத்திருக்கும், சிறுநீரகத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகியிருக்கும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறனும் மந்தமாகியிருக்கும். 58 வயதில் சரியாக இருந்த அளவு 78 வயதில் அதிகமாகிப்போவது இப்படித்தான். யாரும் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருக்கும் மாத்திரைகளை வரிசையாகச் சரிபார்த்து, டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கான வழிமுறை இது. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது, தொடர்ந்து சாப்பிடுவதைவிட ஆபத்து. அவை எவை என்று கீழே வருகிறது.

உடம்புக்குள் என்ன மாறுகிறது

விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்படுகிறது, உடம்பில் பரவுகிறது, கல்லீரலில் உடைகிறது, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. வயதானவருக்குச் செரிமானம் குறைவு, அதனால் மருந்து சரியாக ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த நான்கில் மிகக் குறைவாக மாறுவது உறிஞ்சுவதுதான். மருந்து ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம். ஏறும் மொத்த அளவு பெரும்பாலும் குறைவதில்லை. வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயது ஏற ஏறத் தசையும் உடம்பிலுள்ள நீரும் குறைகின்றன. கொழுப்பின் பங்கு கூடுகிறது, ஒல்லியாகத் தெரியும் பாட்டிக்கும் கூட. நீரிலும் தசையிலும் தங்கும் மருந்துகளுக்கு (இதயத்துக்குத் தரும் டிகாக்சின், மனநோய்க்குத் தரும் லித்தியம்) இடம் குறைகிறது. சின்னப் பாத்திரத்தில் அதே கரண்டி உப்பைப் போட்டால் கரிக்கத்தான் செய்யும். டிகாக்சினை முதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 0.125 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான். சிறுநீரகம் குறைந்திருந்தால் அதற்கும் கீழே.

கொழுப்பில் கரையும் மருந்துகளின் கதை நேர்மாறு. அவை கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கசிகின்றன. டயசிபாம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய 20 வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி நேரம். ஒரு மருந்து உடம்பை விட்டு ஏறக்குறைய முழுதாகப் போக, இப்படிப் பாதி பாதியாக ஐந்து முறை குறைய வேண்டும். 90-ஐ ஐந்தால் பெருக்கினால் 450 மணி நேரம், கிட்டத்தட்ட 19 நாள். தினம் இரவு ஒன்று போட்டால், முந்தைய நாட்களின் மிச்சம் மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். இதில்தான் ஏமாறுகிறோம். முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் காலையில் தள்ளாடி பாத்ரூமில் விழும்போது, "அந்த மாத்திரை ஆரம்பத்துல ஒண்ணும் பண்ணலையே" என்று அதன் மேல் சந்தேகமே வராது.

கல்லீரலும் சுருங்குகிறது, அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. "லிவர் டெஸ்ட் நார்மல்" என்ற ரிப்போர்ட் இதைக் காட்டாது. அந்தச் சோதனை கல்லீரலுக்குக் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது. மருந்தை எவ்வளவு வேகத்தில் உடைக்கிறது என்று அளப்பதல்ல. ப்ரொப்ரானலால் போன்ற மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடும். அந்த அழிப்பு குறைந்தால், அதே மாத்திரையிலிருந்து கூடுதல் மருந்து ரத்தத்துக்குப் போகும். கல்லீரலின் எல்லா வேலையும் ஒரே மாதிரி தளர்வதில்லை என்பது ஓர் ஆறுதல். லோரசிபாம் உடையும் பாதை முதுமையிலும் ஓரளவு அப்படியே இருக்கிறது. தூக்க மாத்திரை தவிர்க்கவே முடியாத நேரத்தில் டாக்டர்கள் டயசிபாமை விட்டு அதை எழுதுவதற்கு இதுதான் காரணம்.

இது போக, ரத்தத்தில் அதே அளவு மருந்து இருந்தாலும் முதிய மூளை அதற்குக் கூடுதலாக மயங்குகிறது. ரத்த நாளங்களும் சட்டென்று சுருங்கி அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதில்லை.

கிரியாட்டினின் 1.0: நார்மல் என்று நம்ப வேண்டாம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது சிறுநீரகம். அதிகமாக ஏமாற்றுவதும் அதன் ரிப்போர்ட்தான்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்துபோனவருக்கு அந்தக் கழிவே குறைவாகத்தான் உண்டாகும். சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடினாலும், வெளியேற்ற வேண்டியதும் பாதியாகிவிட்டதால் ரிப்போர்ட்டில் எண் அழகாக இருக்கும். லேப்காரர் தடித்த எழுத்தில் போட மாட்டார். வீட்டிலும் "கிட்னி நல்லா இருக்கு" என்று மடித்து வைத்துவிடுவார்கள்.

சிறுநீரகம் உண்மையில் எவ்வளவு வேகத்தில் சுத்திகரிக்கிறது என்று கண்டுபிடிக்க, காக்ராஃப்ட்–கால்ட் என்ற கணக்கு 1976-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மருந்தின் அளவை முடிவு செய்ய இன்றும் அதுதான் பெரும்பாலும் பயன்படுகிறது. செல்போன் கால்குலேட்டர் போதும்:

140-லிருந்து வயதைக் கழியுங்கள். வந்ததை எடையால் (கிலோ) பெருக்குங்கள். அதை, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள்.

30 வயது, 65 கிலோ பேரன், கிரியாட்டினின் 1.0 என்று வையுங்கள். 110 × 65 ÷ 72 = 99. இனி அதே 1.0-ஐ 78 வயது, 45 கிலோ உள்ள பாட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 62 × 45 ÷ 72 = 38.75. அதை 0.85-ஆல் பெருக்கினால் 33. ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே எண், ஒரே "நார்மல்". பாட்டியின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 33 மில்லிலிட்டர்தான் சுத்திகரிக்கிறது, பேரனுக்கு நடப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

சில லேப்கள் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை மதிப்பிட்டு, இ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண்ணைத் தாங்களே அச்சடித்துத் தருகின்றன. அதே பாட்டிக்கு அது 58-ஐ ஒட்டி வரும். 33 எங்கே, 58 எங்கே என்று குழம்ப வேண்டாம். அந்த எண் சராசரி உடம்புப் பரப்பு உள்ளவருக்கு என்று வைத்துக் கணக்கிட்டது. 45 கிலோ உடம்புக்கு அது தாராளம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் போன்றவற்றுக்கு இ.ஜி.எஃப்.ஆர்.ஐப் பார்க்கிறார்கள். டிகாக்சின், ப்ரீகாபலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரான் போன்றவற்றுக்குக் காக்ராஃப்ட் கணக்கு. இளைத்த, குள்ளமான பெரியவராக இருந்தால் இரண்டு எண்ணையும் எழுதி எடுத்துப் போய் டாக்டர் முன் வையுங்கள்.

இந்த எண்ணைப் பொறுத்து அளவு மாறும் மருந்துகளில் நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பவை:

மெட்ஃபார்மின். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் பொதுவாக நாளைக்கு 1,000 மி.கி.க்கு மேல் கூடாது. 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு. இவையும் சர்க்கரை மாத்திரைகள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். கிளிபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. அதன் சிதைவுப் பொருட்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டு, சிறுநீரகம் தளர்ந்தால் அவையும் தங்கிப்போகும்.

ப்ரீகாபலின், கபாபென்டின். கால் எரிச்சலுக்கு, மரமரப்புக்கு எழுதுவது. மீதைல்கோபாலமின் என்ற வைட்டமினோடு சேர்த்து ஒரே கேப்சூலாக வருவதால் இதை "நரம்புச் சத்து மாத்திரை" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். சத்து மாத்திரைதானே என்று வருடக்கணக்கில் போகும். ப்ரீகாபலின் கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரகம் வழியேதான் வெளியேறும். மேலே சொன்ன காக்ராஃப்ட் எண் 60-க்குக் கீழே என்றால் அளவைப் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே இன்னும் பாதி. தலைசுற்றல், பகலில் தூக்கம், கால் வீக்கம் மூன்றும் இதனால் வரும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் புதிய வகை மாத்திரைகள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்குத் தரும் அபிக்ஸாபானின் விதியிலேயே முதுமை எழுதப்பட்டிருக்கிறது. 80 வயதும் அதற்கு மேலும், எடை 60 கிலோவும் அதற்குக் கீழும், கிரியாட்டினின் 1.5-உம் அதற்கு மேலும் என்ற மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் 5 மி.கி.யை விட்டு 2.5 மி.கி. இரண்டு வேளை. 79-வது பிறந்தநாளில் 5, 80-வது பிறந்தநாளில் 2.5 என்று மாறக்கூடிய மருந்து இது. பழைய சீட்டில் ஓட்டினால் மாறாது.

மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போடுவது. தினமும் போட்டு உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. அட்டையின் மேலேயே பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று கிழமையை எழுதுங்கள். தினசரி டப்பாவில் போடாதீர்கள்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் "உப்பு" என்றால் இரண்டு அர்த்தம். "கிட்னியில உப்பு ஏறியிருக்கு" என்றால் யூரியா, கிரியாட்டினின். "உடம்புல உப்பு குறைஞ்சிடுச்சு" என்றால் சோடியம். எது என்று கேட்டு, எண்ணோடு எழுதி வாங்குங்கள். கிட்னி உப்பு என்று நினைத்துக்கொண்டு, சோடியம் குறைந்த பெரியவருக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்து இன்னும் குறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சரிபார்க்கும் வேலை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சம், ஒரு நோட்டு, செல்போன் கேமரா (அட்டையின் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க). பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் பீரோவைக் கிளறினால் பாதி மாத்திரை ஒளிந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். மாத்திரை மட்டுமல்ல. கண் சொட்டு மருந்து, வலிக்குத் தடவும் ஜெல், இன்ஹேலர், இன்சுலின், சூரணம், லேகியம், கஷாயம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த "நல்ல மாத்திரை", பர்ஸுக்குள் இருக்கும் அரை அட்டை எல்லாமே. கண் சொட்டைச் சேர்ப்பது அதிகப்படி என்று தோன்றலாம். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் கண்ணிலிருந்து மூக்கு வழியே ரத்தத்துக்குப் போய் நாடித் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு இளைப்பைக் கிளப்பும். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை, மூக்கை ஒட்டி, இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் அளவு நன்றாகக் குறையும்.

பிராண்டு பெயரை எழுதாதீர்கள், உள்ளடக்கத்தை எழுதுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு டாக்டரிடமிருந்து வந்திருப்பது இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும். நம் ஊரில் கூட்டு மாத்திரை அதிகம் என்பதால் ஒன்றுக்குள் இரண்டு மூன்று இருக்கும். பெயரின் வாலைக் கவனியுங்கள். பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் "எச்" வந்தால் பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை இருக்கிறது. "ஏ.எம்." என்றால் அம்லோடிபின். சுகர் மாத்திரையில் "எம்" என்றால் மெட்ஃபார்மின். வாலை மட்டும் நம்பாமல் பொடி எழுத்தோடு ஒத்துப் பாருங்கள். பாராசிட்டமால் எங்கெங்கோ ஒளிந்திருக்கும், சளி மாத்திரையில், மூட்டுவலி மாத்திரையில், காய்ச்சல் மாத்திரையில். 50 கிலோவுக்குக் கீழ் உள்ள பெரியவருக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அதாவது 500 மி.கி. என்றால் நான்கு, 650 என்றால் மூன்று.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மி.கி., எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று குறியுங்கள். "எதற்காக" என்ற கட்டம் காலியாக நிற்கும் மாத்திரைதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலும் அது கேஸ் மாத்திரையாக இருக்கும். எப்போதோ வலி மாத்திரையோடு வயிற்றுப் பாதுகாப்புக்கு எழுதிய பான்டோப்ரசோல், வலி மாத்திரை போன பிறகும் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். நீண்ட நாள் போனால் பி12-உம் மக்னீசியமும் குறையலாம். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும். அதற்கு நரம்பு மாத்திரை எழுதுவார்கள்.

எடையைப் பாருங்கள். சென்ற வருட எடை வேண்டாம், இன்றைய எடை. கடைசி கிரியாட்டினின் ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் புதிதாக எடுத்து, சோடியம், பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

படுத்தும் நின்றும் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு தடவை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், கிளினிக்கில் உட்கார வைத்துப் பார்த்த 130/80 முழு உண்மையைச் சொல்லவில்லை என்று அர்த்தம். காரணம் நீர் மாத்திரையாக இருக்கலாம், பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினாக இருக்கலாம், தூக்க மாத்திரையாக இருக்கலாம், மூன்றும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நீர் மாத்திரை இரண்டு வேளை என்றால் இரண்டாவதைச் சாயங்காலம் நான்கு மணிக்குள் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். இரவில் அவசரமாக எழுந்து போவதுதான் இடுப்பெலும்பை உடைக்கிறது.

மாத்திரை கொண்டுவந்த நோய், அதற்கு இன்னொரு மாத்திரை

பட்டியல் நீண்டதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பெரியவருக்குப் புதிதாக ஏதாவது ஒரு தொந்தரவு வந்தால், அது கடைசியாகச் சேர்த்த அல்லது அளவு கூட்டிய மாத்திரையால் வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் இப்படி ஆகும்:

பிரஷருக்கு அம்லோடிபின் 10 மி.கி. போடுகிறார். கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. ஆனால் இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வந்ததல்ல, சிறு ரத்த நாளங்கள் விரிந்து நீர் கசிவதால் வந்தது. அதனால் வீக்கம் சரியாக வடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது, கால் தசை பிடித்து இழுக்கிறது, இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார். தசைப்பிடிப்புக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. அம்லோடிபினைப் பாதியாக்கியிருந்தால், அல்லது வேறு வகைக்கு மாற்றியிருந்தால், பின்னால் வந்த மூன்றும் தேவைப்பட்டிருக்காது.

தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ப்ரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கும் எழுதும் ஃப்ளூனரிசின் இவை மூன்றும் சில நாளுக்கு மட்டும் என்று எழுதப்படுபவை. மாதக்கணக்கில் ஓடினால் கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் சிரிப்பே வராது. "பார்க்கின்சன் வந்துடுச்சு" என்று அதற்கு வைத்தியம் தொடங்கிவிடும். மாத்திரையால் வந்த நடுக்கம் என்றால், நிறுத்திய சில வாரங்களில் அல்லது மாதங்களில் பெரும்பாலும் விலகும். புதிதாக நடுக்கம் வந்தவர் இந்த மூன்றில் எதையாவது சாப்பிடுகிறாரா என்று நரம்பியல் டாக்டரிடம் போகும் முன்பே பாருங்கள்.

திடீர்க் குழப்பம், ஆள் தெரியாமல் பேசுவது, பகலெல்லாம் தூங்குவது இவற்றுக்கு "வயசாயிடுச்சு" என்று பெயர் வைப்பதற்கு முன் மூன்றைச் சந்தேகியுங்கள். ஒன்று, சோடியம் குறைவு. நீர் கலந்த பிரஷர் மாத்திரைகளாலும் மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றாலும் வரும், பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில். இரண்டு, லோ சுகர். முதியவருக்கு வியர்வை, படபடப்பு இல்லாமல் நேரே குழப்பமாகவே வரலாம். பீட்டா பிளாக்கர் (நாடித் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை) சாப்பிடுபவருக்குப் படபடப்பு இன்னும் மறைந்துபோகும். மூன்று, கடையில் வாங்கிய சளி மாத்திரை. அதிலுள்ள குளோர்ஃபெனிரமின் மூளையை மந்தமாக்கும், மலச்சிக்கல் தரும், பிராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரையே நிறுத்திவிடும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் பழைய அமிட்ரிப்டிலினும் இதே ரகம்.

அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த "முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்" பட்டியலை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இப்போது புதுப்பித்து வருகிறது, 2023-லும் புதுப்பித்தது. மேலே சொன்ன பல பெயர்கள் அதில் உண்டு. "பியர்ஸ் பட்டியலில் இருக்கிறதா டாக்டர்?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

கடையில் வாங்கும் "செட்"

உடம்பு வலி, காய்ச்சல் என்று போய்ச் சொன்னால் சில கடைகளில் காகிதக் கவரில் நான்கைந்து உதிரி மாத்திரையை மடித்துத் தருவார்கள். இரண்டு வேளையில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழ வைத்தது பெரும்பாலும் வலி நிவாரணி, சில சமயம் ஸ்டீராய்டு. கவரில் பெயர் இருக்காது, ரியாக்ஷன் ஆனால் என்னவென்று சொல்லவும் முடியாது. முதியவருக்கு இது கூடவே கூடாது.

வலி மாத்திரை தனியே வாங்கினாலும் கணக்கு உண்டு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். "ப்ரில்" அல்லது "சார்டன்" என்று முடியும் பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே போடுபவர் இதையும் சேர்த்தால், மூன்றும் மூன்று பக்கமிருந்து சிறுநீரகத்தை நெருக்கும். கிரியாட்டினின் ஒரே வாரத்தில் இரட்டிப்பாவது இப்படித்தான். முழங்கால் வலிக்கு ஜெல் தடவுவதும் அளவோடு பாராசிட்டமாலும் முதலில்.

அட்டையை வெட்டி வாங்கும்போது காலாவதித் தேதி இருக்கும் ஓரம் கடைக்காரரிடமே நின்றுவிடும். முழு அட்டையாக வாங்குங்கள், முடியாவிட்டால் தேதியை அந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

சாப்பாடு, காபி, கஷாயம்

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. ஃபில்டர் காபிக்குக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியமும் இரும்புச் சத்தும் நான்கு மணி நேரம் தள்ளி.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் பழைய வகை மாத்திரையான வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் கெடுக்கும். அளவு வாரத்துக்கு வாரம் ஒன்றுபோல் இருக்கட்டும்.

இளநீரிலும் "லோ சோடியம்" உப்பிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர், பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் அல்லது "சார்டன்" வகை சாப்பிடுபவர் தினம் இரண்டு இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். இதற்கு நேர் எதிராக அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும், உடம்பில் நீரைத் தேக்கும். இருமலுக்கு என்று மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிடுபவரின் பிரஷர் அடங்கவில்லை என்றால் அங்கே பாருங்கள். டிகாக்சினும் சாப்பிடுகிறார் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

விழுங்குவதில் வரும் தவறுகள்

விழுங்கச் சிரமம் என்று இடித்துக் கொடுக்கும் முன் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., "ரிடார்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். இவை நாள் முழுக்க மெதுவாகக் கசியும்படி செய்தவை. நிஃபெடிபின் ரிடார்டை இடித்தால் 12 மணி நேரத்து மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும், பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். கரையும் மாத்திரையோ சிரப்போ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். போடுபவர் மலத்தில் மாத்திரை முழுசாக வந்திருக்கிறது என்று பதறுவார். மருந்து இறங்கிய பிறகு மிஞ்சிய வெறும் கூடு அது. ஈடுகட்ட இன்னொன்று போடக் கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட்டுக்கு ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீர். அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. உணவுக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டு அப்படியே சாயும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. இந்த ஒன்றுக்காவது அதை மாற்ற வேண்டும்.

வாந்தி, பேதி, வெயில் நாட்கள்

இதை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்: வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட, குடிக்க முடியாத நாட்களில் எந்தெந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது? வழக்கமாக இந்தப் பட்டியலில் வருபவை மெட்ஃபார்மின், சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை, "ப்ரில்", "சார்டன்", நீர் மாத்திரை, வலி மாத்திரை. நீர் வற்றிய உடம்பில் இவற்றில் பல சிறுநீரகத்தைக் கவிழ்த்துவிடும். ஓரிரு நாளில் சாப்பாடு பழையபடி இறங்கியதும் மறுபடி தொடங்குவார்கள். இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது, அளவைக் கேட்டு மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில், இரவில் எழுந்திருக்கப் பயந்து தண்ணீரே குடிக்காத பெரியவருக்கு, பேதி இல்லாமலே இதே நிலைமை வரும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவருக்கு ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி விழும். "சரியாயிடுச்சு" என்று தூங்க வைக்காமல் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது கண்காணிக்க வேண்டும். தளர்ந்த முதியவருக்கு எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8 வரை இருந்தாலும் பரவாயில்லை என்று பல டாக்டர்கள் சொல்வது இந்த விழுதலுக்குப் பயந்துதான்.

கறுப்பாகத் தார் போல மலம் போவது, ரத்தம் உறையா மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபடுவது (வெளியே காயமே இல்லாவிட்டாலும்), நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றுவது, அரை நாளாகச் சிறுநீர் வராதது: இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம்

பட்டியலையும் மாத்திரை நிறைந்த பையையும் இரண்டையுமே எடுத்துப் போங்கள். "எல்லாம் அதிகமா இருக்கு, குறைச்சிடுங்க" என்று ஆரம்பித்தால் எரிச்சல்தான் வரும். "இவருடைய எடை இப்போது 45, காக்ராஃப்ட் கணக்கில் 33 வருகிறது, இதில் எதற்கு அளவு மாற்ற வேண்டும்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை நடக்கும். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று பார்த்தால், மொத்தத்தையும் பார்க்க ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னை கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையைப் போல முதியோர் பிரிவு உள்ள இடம் என்றால் வசதி. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியரிடமும் பட்டியலின் நகலைக் கொடுங்கள். வெளியே வாங்கும் அதே மாத்திரை இரண்டாவது தடவையாக அந்த வழியிலும் வந்துகொண்டிருக்கலாம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். இரண்டு மூன்றை ஒன்றாக நிறுத்தினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. மெல்ல மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டியவை: அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர், பிரஷருக்கான குளோனிடின், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, அல்ப்ரசோலாம் முதலான தூக்க மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரை, பார்க்கின்சனுக்கான லெவோடோபா. கேஸ் மாத்திரையைச் சட்டென்று விட்டாலும் இரண்டு மூன்று வாரம் நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகமாகும். "பார், நிறுத்தினது தப்பு" என்று திரும்ப ஆரம்பித்துவிடாதீர்கள், அது அடங்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளில் பழைய மாத்திரை டப்பாவைக் காலி செய்துவிட்டுப் புதிய பட்டியலை எழுதுங்கள். வீட்டிலிருந்த மாத்திரை ஒருபக்கம், டிஸ்சார்ஜ் சீட்டு மாத்திரை ஒருபக்கம் என்று இரண்டும் சேர்ந்து ஓடுவது அந்த முதல் வாரத்தில்தான். பட்டியலின் தலையில் தேதி, எடை, கிரியாட்டினின் மூன்றையும் குறித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, செலோடேப் போட்ட பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.